கரைக்குக் கூப்பிட்ட குரல்

பலகைப் பாதை முடிந்த இடத்தில் பிபாலுக் நின்று மூச்சு வாங்கினாள். கீழே, மலைகளுக்கிடையே கடல் நுழைந்த ஃபியோர்டு முழுக்க மிதக்கும் பனிமலைகள் தண்ணீரே தெரியாதபடி அடைத்துக்கொண்டு நின்றன. எங்கோ ஒன்று உள்ளுக்குள் வெடித்தது. துப்பாக்கி சுட்டதுபோல் அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது.

கூட வந்த ஏனோக் திடுக்கிட்டதை அவள் கவனித்துக்கொண்டாள்.

போன வருஷம் இதே ஆகஸ்டில் அவளுடைய தம்பி மித்தெக்கும் அவன் கூட்டாளி ஏனோக்கும் இந்த வழியாகத்தான் கலைமான் வேட்டைக்குப் போனார்கள். ஏனோக் மட்டும் திரும்பி வந்தான். சண்டை போட்டுக்கொண்டு மித்தெக் மலைப்பக்கம் நடந்துவிட்டான் என்றான். ஊர் நம்பியது. மனுஷரோடு முறித்துக்கொண்டு மலையேறுகிறவன் கிவிட்டொக் என்ற மலைப்பேயாக ஆகிவிடுவான், செத்தாலும் அடங்க மாட்டான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். தேடுவதையும் விட்டுவிட்டார்கள்.

பிபாலுக் மட்டும் நம்பவில்லை. மானுக்கு வைத்த குண்டு தம்பிமேல் பாய்ந்திருக்கும், இவன் மூடி மறைக்கிறான் என்றே நினைத்தாள். பிரிந்த இடத்தைக் காட்டு என்று அவள் நச்சரித்த நச்சரிப்பில்தான் இன்று கூட்டி வந்திருந்தான்.

"இன்னும் எவ்வளவு தூரம்டா?"

"அந்த முகட்டைத் தாண்டணும்க்கா. மூடுபனி வேற வருது. இன்னொரு நாள் வரலாமா?"

"ஏன், பயமா இருக்கா?"

அவன் முன்னால் நடந்தான்.

கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஏனோக்கின் முதுகை விழுங்கியது. கால் மிதித்த செடிகளின் பச்சை வாசனையோடு பழைய ஐஸின் குளிர்ந்த வாடையும் கலந்தது. அதுவரை காதைச் சுற்றிய கொசுக்கள்கூட ஓய்ந்துபோயின.

"அக்கா, மெதுவா போ."

குரல் பின்னாலிருந்து வந்தது. ஏனோக்கின் குரல்.

"முன்னாடிதானேடா போனே?"

"பூட்ஸ் கயிறு அவுந்துடுச்சு, நின்னுட்டேன். அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். மித்தெக் மலைக்குப் போகலை. கீழே கரையிலதான் கிடக்கான். இறங்கு, காட்டறேன்."

சந்தேகப்பட்டது சரிதான்! அந்தக் கரையில் ஊர்க்காரர்கள் யாரும் நிற்க மாட்டார்கள். பனிமலை ஒன்று புரண்டால் போதும், அலை வந்து வாரிக்கொண்டு போய்விடும். தெரிந்தும் இறங்கினாள். பின்னால் காலடிச் சத்தம் கூடவே வந்தது.

கூழாங்கற்களை மிதித்தபோது மேலேயிருந்து ஒரு கத்தல்.

"அக்கா! கரைக்குப் போகாதே!"

மூடுபனி கிழிந்த இடைவெளியில், உயரே முகட்டில், ஏனோக் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நின்றான்.

ஏனோக் அங்கே நிற்கிறான்.

அப்படியென்றால் பின்னால்?

"அவன் பேச்சைக் கேக்காதே." இப்போது காதோரம். மூச்சில் சூடே இல்லை. குரலும் மாறியிருந்தது. "அவன்தான் என்னை விட்டுட்டுப் போனான்."

என்னை.

மித்தெக்கின் குரல்.

அவளால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. எதிரே ஒரு பனிமலை முனகிக்கொண்டு புரண்டு, நீல அடிவயிற்றைக் காட்டியது. கரைத் தண்ணீர் சரசரவென்று பின்வாங்கியது.

"இங்கேயே நில்லு அக்கா. என்கூட இரு."

சறுக்கி விழுந்து ஓடி வந்த ஏனோக் அவள் சட்டையைப் பற்றி மேலே இழுத்தான். பாறையில் முட்டி தேயத் தேய ஏறினார்கள். அவள் நின்ற இடத்தை அலை மூடியது.

முகட்டுக்கு வந்ததும் ஏனோக் கிசுகிசுத்தான். "நீயும் கேட்டியா? ஒரு வருஷமா என்னையும் கூப்பிடறான். உன் குரல்ல. அதான் உன்னைக் கூட்டிட்டு வரத் தயங்கினேன்."

"அவனை விட்டுட்டு வந்தியாடா?"

"தொண்டை கட்டற வரைக்கும் கூப்பிட்டேன்க்கா. அவன் திரும்பியே பார்க்கலை."

அவள் அவன் கையை விடவில்லை. இத்தனை நாள் யார்மேல் சந்தேகம் வைத்திருந்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பிதான் தன்னைக் கடலுக்குள் நிறுத்தப் பார்த்தான் என்பதைத்தான் மனம் ஏற்க மறுத்தது. இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

ஊர் எல்லையில், அவள் வீட்டுக்குப் பக்கத்தில், மித்தெக்கின் சறுக்குவண்டி நாய்கள் சங்கிலியில் கிடந்தன. அவன் போனதிலிருந்து அவள்தான் தீனி போட்டு வந்தாள். ஆனால் அவளைக் கண்டு ஒரு நாள்கூட அவை வாலாட்டியதில்லை.

முதல் நாய் எழுந்து வாலை ஆட்டியது. அவளைப் பார்த்து அல்ல. அவளுக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து.

பிறகு இரண்டாவது நாய். பிறகு அடுத்தது. யாரோ தடவிக்கொண்டே போவதுபோல் ஒவ்வொன்றாகக் கழுத்தை வளைத்துக் கொடுத்தன.

வரிசை முடிந்ததும் எல்லா நாய்களும் ஒன்றாகத் தலையைத் திருப்பின.

அவள் வீட்டு வாசலைப் பார்த்து வாலாட்டின.