ஒரு கட்டை குறைகிறது

தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்பில் சுத்தியல் விழுந்தால் டங்கென்று கேட்க வேண்டும். இருதயசெல்விக்குக் கேட்டதோ, நனைந்த சாக்கு மூட்டையை உதைத்த மாதிரி ஒரு சத்தம்.

திண்டிவனத்திலிருந்து கடலை ஆட்டும் மல்லாட்டை மில்லுக்குப் போகும் ஆறு கிலோமீட்டர் லைன் அது, முப்பது வருஷமாய் முள் மண்டிக் கிடந்தது. நாளைக் காலை சோதனை என்ஜின் வருகிறது. திண்டிவனம் பக்கத்திலிருந்து அவளும், மில் பக்கத்திலிருந்து அவள் புருஷன் சவரிநாதனும் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகளை எண்ணி, ஆப்பு தட்டிக்கொண்டே வந்து நடுவிலிருக்கும் மதகில் சந்திக்க வேண்டும். எண்ணிக்கை சரியென்று எழுதிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் வேலை நிரந்தரம்.

நாற்றத்தைத்தான் சகிக்க முடியவில்லை. கட்டையில் பூசிய தாரின் வாடை அவளுக்குப் பழக்கம். இது சிக்குப் பிடித்த கடலையெண்ணெயும் மீன் கழுவி மூன்று நாள் மூடி வைத்த தண்ணீரும் கலந்த வாடை, எத்தனை தடவை காறித் துப்பினாலும் நாக்கை விட்டு இறங்க மாட்டேன் என்றது. கட்டைகளின் வெடிப்பிலிருந்து மஞ்சளாய் எதுவோ கசிந்து செருப்போடு நூல் நூலாய் இழுபட்டது. ஒரு வெடிப்பில் முடி. வேராக இருக்கும் என்று தாண்டிப் போனாள்.

மதகுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் கட்டையே இல்லை. ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம், ஈரமாய். மேஸ்திரி அரங்கநாதனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மதகாண்ட ஒரு கட்டை கொறையுதுண்ணே."

"தெரியும்மா. இந்த மண்ணுல மரம் நிக்காதுன்னு அந்தக் காலத்துலயே வேற கட்டைதான் போட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு கட்டை விழுந்துடும்."

"யாரு எடுத்துக்கினு வர்றாங்க?"

"யாரும் எடுத்துக்கினு வர வேணாம். உன் வூட்டுக்காரரு அங்கதான வந்துக்கினு இருக்காரு. நீ ஜல்தியா போய்ப் பின்னாடி லூசா இருக்கிறத டைட் பண்ணு."

வேற கட்டை என்றால் சிமென்ட்தானே, அதை மனுஷன் தனியாக எப்படித் தூக்குவார் என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. திரும்பிப் போய் வேலையைப் பார்த்தாள். மதகுக்கு அந்தப் பக்கம் சவரிநாதனின் சுத்தியல் டங், டங் என்று நெருங்கி வந்தது. அது கேட்கிற வரை நாற்றம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு அது நின்றது.

அவள் மதகுக்கு வந்தபோது பள்ளம் இல்லை. புதுக் கட்டை. கருப்பாய், தார் காயாமல்.

அவனைக் காணோம். சுத்தியல் மட்டும் கிடந்தது.

போன் போட்டாள். மணி அடித்தது. காலுக்குக் கீழே. ஜல்லிக்குள்.

மண்டியிட்டுக் கற்களை வாரினாள். விரலெல்லாம் வெதுவெதுப்பான பிசுக்கு. கட்டையின் ஓரத்தில் ஒரு கயிறு. பழுப்புக் கயிறு. வேளாங்கண்ணியில் வாங்கி அவள் கையாலேயே அவன் கழுத்தில் போட்டுவிட்ட, மாதா படத் துணி கோத்த உத்தரியம்.

கட்டை விழுந்துடும். எழவு வீட்டில் சொல்வார்களே, அந்தக் கட்டை.

வாந்தி எடுத்தாள். வாய் துடைக்கக் கை வரவில்லை. கையில் அவன்.

அவள் போன் அடித்தது. மேஸ்திரி.

"இப்ப எண்ணிக்கை சரியா இருக்காம்மா?"

தண்டவாளம் லேசாய் மேலே எழுந்தது. இறங்கியது. மூச்சு.

பிறகு பக்கத்துக் கட்டை. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றாய், சளி கட்டின நெஞ்சோடு, திண்டிவனம் வரைக்கும்.