டபுள் பேஸுக்குள் ஒட்டிய கம்பளி

தந்திகளையெல்லாம் கழற்றிச் சுருட்டி வைத்த பிறகும், அடுக்களையில் மனைவி இருமியபோது, மேசைமேல் மல்லாந்து கிடந்த அந்தப் பழைய டபுள் பேஸ் அடிவயிற்றிலிருந்து மெல்ல முனகியது.

காலிப் பெட்டி அதிரத்தான் செய்யும் என்று வாத்தியம் சீர்செய்பவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆளை விடப் பெரிய அந்த வயலினைக் காலையில் இறக்கிவிட்டுப் போனவர் ஒரு மேதை. அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். அழுத்த எளிதாகத் தந்திகளின் உயரத்தைத் தணிக்க வேண்டுமாம். விரல் வலிக்கிறது என்று சொல்வாரா?

"என் நுட்பத்துக்கு இது ஈடுகுடுக்க மாட்டேங்குது. சத்தமும் அமுங்கிக் கிடக்கு. கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்."

கடைசி வரிசையில் அவருடைய மைத்துனர் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பார்.

தந்திகளைத் தாங்கும் குதிரையை இழைத்துத் தணித்தாயிற்று. சத்தம் ஏன் அமுங்குகிறது? பெட்டியின் முகப்பிலிருந்த துளை வழியே சின்ன பல்பை விட்டுப் பார்த்தார். முன்பு பழுதுபார்த்த எவனோ உட்சுவர் முழுக்க, விரல்கடை இடம் விடாமல், கம்பளித் துண்டுகளை ஒட்டியிருந்தான்.

"மடையன்."

"யாரைத் திட்டுறீங்க?" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

"முன்னாடி ரிப்பேர் பாத்தவனை. வாத்தியத்துக்குப் போர்வை போத்தியிருக்கான்."

"அதுக்குக் குளிருச்சோ என்னவோ. சாப்பிட்டுட்டுக் கழட்டுங்களேன்."

அவர் கேட்கவில்லை. வெந்நீரால் பசையை இளக்கி, நீளக் கொக்கியால் கிழித்து இழுத்தார். ஈரக் கம்பளி வாடையோடு, வெகுநேரம் தூங்கி எழுந்தவரின் வாய் வாடையும் வந்தது. ஒவ்வொரு துண்டு வெளியே வரும்போதும் பெட்டியின் முனகல் தெளிந்தது. அடுக்களையில் தொலைபேசியில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்த மனைவியின் குரல் தேய்ந்தது. மழை வந்து அவள் குரலை அமுக்குகிறது போலும் என்று நினைத்தார். ஜன்னலைப் பார்த்தார். வெயில்.

கடைசித் துண்டும் வந்தது.

"ஏங்க."

பக்கத்தில்தான் கேட்டது. மிகப் பக்கத்தில். திரும்பினார். மனைவி வாசற்படியில் நின்றாள், கழுத்தைப் பிடித்தபடி. வாய் திறந்தது. மூடியது. சத்தமே இல்லை.

"ஏங்க, இங்க இருட்டா இருக்கு," என்றது துளை.

கம்பளியை வாரி எடுத்தார். துளைக்குள் திணித்தார். குரல் கம்மியது. மனைவி பதறித் தலையாட்டினாள். கை நின்றது. அடைத்தால் அவள் குரலும் உள்ளேயே.

"மூடிடாதீங்க. இங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க."

மூட மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தார்.

"மூட மாட்டேன்," என்றது அவர் குரல். உள்ளேயிருந்து. அவள் குரலுக்குப் பக்கத்திலிருந்து.