வியாழக்கிழமை தொலைந்த ஒன்று

சனி, மாலை 6.52. பெருங்கணினியில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளக் கணிப்பு அப்படியே நின்றது. ஒரு கோடி வேலைகளில் ஒன்றைக் காணவில்லை. இது ஏழாவது முறை.

திங்கள், காலை 9.10. கணினிக் கூடத்தின் இயக்குநர் சிர்க்கா கையை நீட்டினாள். ஓஸ்மோ தன் நுழைவு அட்டையை அதில் வைத்தான்.

"ஏழுல ஆறு சனிக்கிழமை சாயங்காலம். ஆறும் இவன் ஷிப்டு. யாரோ கைவெச்சிருக்காங்கன்னு சின்னப் பிள்ளைக்கும் புரியும்."

"நான் எதையும் தொடல, சிர்க்கா." என்றான், பதினொரு வருஷம் அங்கே வேலை பார்த்த ஓஸ்மோ.

மென்பொருள் எழுதும் ஹில்க்காவும் அங்கே நின்றிருந்தாள். தொலைந்தது அவள் உருவாக்கிய மென்பொருளின் கையிலிருந்து. இரண்டு லட்சம் செயலிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, முடிந்ததா என்று கேட்டு வாங்குவது அது. கூடத்தில் எல்லோரும் அதை மேஸ்திரி என்பார்கள். மேஸ்திரியைக் குறை சொன்னால் அவளுக்குப் பிள்ளையைத் திட்டியது போல ரோஷம் வரும்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறு," என்றாள். "அதுக்குள்ள நான் கண்டுபிடிக்கலேன்னா இவனை அனுப்பு."

காலை 10.05. காபி அறை.

"சனிக்கிழமை இல்லாத அந்த ஒண்ணு எப்போ?" என்று ஹில்க்கா ஓஸ்மோவிடம் கேட்டாள்.

"டிசம்பர் இருபத்திநாலு. வியாழன், மத்தியானம் மூணரை."

"நீ எங்க இருந்த?"

"வெளியூர்ல. ஓவுலுல, அம்மா வீட்டுல. இங்க ஒரு ஈ காக்கா இல்ல. மெஷின் தனியாத்தான் ஓடுச்சு."

"சனிக்கிழமைகள்ல, நிக்கறதுக்கு முன்னாடி திரையில ஏதாவது வந்துச்சா?"

"'தெரியாத வேலை முடிந்தது'ன்னு ஒரு வரி. குப்பைன்னு விட்டுட்டேன்."

ஹில்க்கா ஏலக்காய் பன்னைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வியாழனை எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். அவளுக்கு அதுதான் உறுத்தியது.

காலை 11.30. இயந்திரக் கூடம். தொலைந்த ஏழும் செயலிகள் அடுக்கிய முதல் வரிசை அலமாரிகளுக்குப் போனவை. இயந்திரத்தின் சூட்டை ஊர் வீடுகளின் வெந்நீருக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி குளிர்விக்கத் திரும்பி வரும் தண்ணீர் அந்த வரிசையில்தான் முதலில் நுழைகிறது. குழாயின் வெப்பப் பதிவுகளைப் புரட்டினாள். வேலை தொலைந்த ஏழு நேரத்திலும் கோடு சட்டென்று இறங்கியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் வெட்கத்தில் முகம் சிவந்தது.

சனி, மாலை 6.40. மூவரும் திரை முன் நின்றார்கள்.

"சிர்க்கா, இப்போ ஊர்ல எல்லாரும் எங்க இருப்பாங்க?"

"வேற எங்க? சவுனாவுல, நீராவியில உக்காந்து வேர்த்துட்டு இருப்பாங்க. சனிக்கிழமையாச்சே."

"கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்?"

"மத்தியானமே..." சிர்க்கா பாதியில் நிறுத்தினாள்.

"வேர்த்து முடிச்சு ஊரே ஒண்ணா வெந்நீரைத் திறக்குது. நம்ம சூடு மொத்தமும் அங்க போயிடுது. தண்ணி ஜில்லுனு திரும்புது. முதல் வரிசைச் செயலிகளுக்குக் குஷி, பறக்குதுங்க."

"வேகமா ஓடினா நல்லதுதானே?"

"மேஸ்திரி முதல்ல வேலையைக் குடுக்குது. அப்புறம்தான் பட்டியல்ல எழுதுது. எழுதறதுக்குள்ள 'முடிஞ்சுது'ன்னு பதில் வந்தா, தெரியாத வேலைன்னு தூக்கிப் போட்டுடுது. பிறகு பட்டியல்ல எழுதிட்டு, போட்ட பதிலுக்கே காத்துக் கிடக்குது."

"எந்த அறிவாளி அப்படி எழுதினது?"

"நான்தான். அவ்வளவு சீக்கிரம் எவன் முடிக்கப்போறான்னு நினைச்சேன். என்னை மன்னிச்சுடு, ஓஸ்மோ."

மேஸ்திரியில் இரண்டே வரிகளை அவள் இடம் மாற்றியிருந்தாள்: பட்டியலில் எழுதிவிட்டு வேலையைக் கொடு.

6.52 கடந்தது. குழாயின் கோடு இறங்கியது, கணிப்பு நிற்கவில்லை. 7.58க்கு வசந்த கால வெள்ளத்தின் வரைபடம் முழுதாக விரிந்தது. எந்த ஆறு எந்த வாரம் கரை மீறும் என்று இனி முன்பே சொல்லிவிடலாம்.

சிர்க்கா அட்டையை ஓஸ்மோவின் சட்டைப் பையில் தானே செருகினாள்.

"ஊரே குளிச்சதுக்கு," என்றான் அவன், "குளிக்காம இங்க உக்காந்திருந்தவன் திருடனா?"

மூவரும் சிரித்தார்கள். ஹில்க்கா சுவரில் இருந்த ஷிப்டுப் பட்டியலில் சனிக்கிழமைகளில் எல்லாம் ஓஸ்மோவின் பெயரை அடித்து, தன் பெயரை எழுதினாள்.

"கிளம்பு ஓஸ்மோ. வெந்நீர் இன்னும் மிச்சம் இருக்கும்."