கத்திரி வெயிலில் காய்ந்த வத்தல்

கத்திரி பிறந்த நான்காம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, காலாப்பட்டிலிருந்து மணியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். செல்வாம்பாளின் மகள் கமலவேணிக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையின் அம்மா. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததில் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. செல்வாம்பாள் மோர் கொடுத்து, விசிறி கொடுத்து, கூடத்தில் உட்காரவைத்தாள்.

முத்தியால்பேட்டையில் மேஸ்திரி வீடு என்றால் ஒரு மதிப்பு. பஞ்சாலை மேஸ்திரியான கணவன் விட்டுப்போன அந்த மதிப்பைச் செல்வாம்பாள் கீறல் விழாமல் காத்துவந்தாள். போன கோடையில் மருமகள் தனக்கொடி செத்தபோதும் மஞ்சள் காமாலை என்றே ஊருக்குச் சொன்னாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மகனுக்கும் அப்படியே எழுதினாள்.

காமாலை இல்லை. காசம். கோரிமேட்டுக் காச ஆஸ்பத்திரி பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆனால் அங்கே வரிசையில் நின்றால் யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் கமலவேணியை யார் கட்டுவார்கள்? மருமகளை மொட்டை மாடி அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டாள். தட்டைக் காலால் தள்ளினாள். வெளியே வத்தல் காயும்போது உள்ளேயிருந்து குரல் வரும்: "அத்த, ஒரே ஒரு வத்தல் குடு அத்த."

கொடுக்கவில்லை. எச்சில் ஒட்டும்.

உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பியபோது, வெயிலில் வெந்த அறையின் நாற்றம் பாதிப் படியிலேயே வந்தது.

இப்போது மணியம்மாள் மோர் டம்ளரை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"மேல யாரு இருமுறது?"

பக்கத்து வீட்டுக் கிழவன் என்றாள் செல்வாம்பாள். மணியம்மாள் அதை நம்பினாள். நாள் குறிப்பதைப் பற்றிப் பேசினாள். பேச்சோடு பேச்சாக, மாடியில் வத்தல் போட்டிருப்பதாகக் கமலவேணி சொன்னாளே, பாதி காய்ந்தது ரெண்டு கிடைக்குமா, அதுதான் தனக்கு உசுரு என்றாள். வாய்விட்டுக் கேட்ட சம்பந்திக்கு எப்படி இல்லை என்பது?

செல்வாம்பாள் படி ஏறினாள்.

தரை தணலாகக் கொதித்தது. காக்கை ஒன்றுகூட இல்லை. விடியற்காலையில் வேட்டி விரித்து ஊற்றிய கூழ், வட்ட வட்டமாக வெளுத்துக் கிடந்தது. முதல் வரிசையில் ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் வழித்தாற்போல் ஒரு பள்ளம். காக்கை என்றால் கொத்தும். பூனை என்றால் கால் பதியும். பள்ளத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கோழை தேங்கியிருந்தது. நடுவே சிவப்பு இழை. அந்த வெயிலிலும் அது காயவில்லை. பல நாள் துலக்காத வாயின் நாற்றம் வீசியது.

நாய் தண்ணீர் நக்குவதுபோல் ஒரு சத்தம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வட்டம் குழிந்தது.

ஆள் இல்லை.

வேட்டியின் மறுகோடியிலிருந்து கைக்கு வந்ததைப் பிய்த்துக்கொண்டு இறங்கினாள். மேலாகப் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தன.

மணியம்மாள் ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். விரலால் இழுத்தபோது உதட்டிலிருந்து நூலாக நீண்டது.

"என்னாங்க இது, கொழகொழன்னு?"

பின்கட்டு வாசலில் கமலவேணி நின்றிருந்தாள். செல்வாம்பாள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. கூழின் உப்பு இல்லை; ரத்தத்தின் உப்பு. அடுத்தவர் தொண்டையிலிருந்து நேராகத் தன் தொண்டைக்கு இறங்குவதுபோல் வழுக்கியது. அவள் அதை விழுங்கி, அதற்குமேல் சிரித்தாள்.

"ஜவ்வரிசி தூக்கலாப் போட்டுட்டேன் சம்மந்தி. அதான் இழுக்குது."

மணியம்மாளும் சிரித்துவிட்டாள். மிச்சத்தையும் தின்றாள். வைகாசி இருபதுக்கு நாள் குறித்தாள். போகும்போது வீட்டுக்கு ஒரு பொட்டலமும் கேட்டாள். செல்வாம்பாள் தன் கையாலேயே கட்டிக்கொடுத்தாள்.

அன்று பிற்பகலிலிருந்து மாடியில் இருமல் இல்லை. மறுநாள் உச்சிவெயிலிலும் இல்லை. செல்வாம்பாள் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக் கொப்பளித்து நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டாள்; ஆனாலும் ஒரு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஐந்தாம் நாள் முகூர்த்தப் புடவை எடுக்க மணியம்மாள் வந்தாள். உட்காரும்போதே சிரித்தாள்.

"ஒரு கூத்தக் கேளுங்க சம்மந்தி. பன்னெண்டு மணி வெயில்ல எங்க கூரை மேலேர்ந்து ஒரு பொண்ணு 'அத்த, அத்த'ன்னு கூப்புடுது. வெளிய வந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. மருமவளுக்கு அதுக்குள்ள அவசரம்னு எங்க வூட்டுக்காரரு கேலி பண்றாரு."

மோர் கொண்டுவந்த கமலவேணி அதைக் கொடுக்காமல் நின்றாள். அவள் அம்மாவையே பார்த்தாள். செல்வாம்பாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நாள் குறித்துத் தெருவெல்லாம் சொன்ன கல்யாணம் நின்றுபோகும். மேஸ்திரி வீட்டுப் பெயரும் போகும்.

"இன்னொண்ணு," என்று மணியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆக்கி எறக்குன சோத்த மூடிதான் வெக்கிறேன். தொறந்தா நடுவுல நக்குனாப்புல பள்ளம். எலியாத்தான் இருக்கும், இல்ல?"

"எலிதான்" என்றாள் செல்வாம்பாள், மகளின் முகத்தைப் பார்க்காமல்.