வளைவில் ஒரு பச்சைக் கொடி

வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவள் என்றதும் ஏதோ கல்லூரிக்குப் போகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பது ஐந்தாம் வகுப்பு. தம்பி பிறந்த அன்றைக்கே அந்தப் பட்டம் அவள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தம்பி சின்னவன். உடம்புதான் சின்னது, தொண்டை ஒலிபெருக்கி. அவன் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும்.

அம்மாவுக்குப் பேக்கரியில் வேலை. ஊர் தூங்கும்போது அம்மா ரொட்டி சுடுவாள். ஊர் ரொட்டி தின்னும்போது அம்மா தூங்குவாள். அதனால் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்குக் கண் சொக்கிவிடும்.

பள்ளி ஆண்டு விழாவில் பெரியவள் ராணி வேஷம் போட்டாள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ராணி வருவதற்கு முன்பே தூங்கிவிட்டாள். ராணி போன பிறகு விழித்துக்கொண்டு, கை சிவக்கக் கைதட்டினாள். பெரியவளுக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதையும் யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டாள்.

இன்று அவர்கள் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வந்திருந்தார்கள். வேலை முடிந்த கையோடு, முழங்கையில் மாவு ஒட்டியிருக்க, அம்மா நேராகக் கூட்டி வந்திருந்தாள்.

அந்தப் பூங்காவில் பெரிய விளையாட்டுகளுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. டோக்கன் கொடுப்பார்கள். அதில் நேரம் போட்டிருக்கும். அந்த நேரத்துக்குப் போனால் போதும். சுற்றும் கோப்பைக்குக் காலையிலேயே நேரம் கிடைத்து, சுற்றி இறங்கித் தள்ளாடியும் ஆயிற்று. அடுத்தது ராட்சத ராட்டினம். அதற்கு மாலையில்தான் நேரம். நடுவில் ஒரு நீளமான மத்தியானம் சும்மா கிடந்தது.

"அந்த ராட்டினத்துல மேல போனா ஊரே தெரியுமாம். நம்ம தெரு, பேக்கரி புகைபோக்கி எல்லாமே தெரியுமாம்" என்றாள் அம்மா, மர நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி. "இருட்டுல வேலைக்குப் போறேன், பாதித் தூக்கத்துல திரும்பி வரேன். இந்த ஊரை நான் வெளிச்சத்துல முழுசாப் பார்த்ததே இல்ல. இன்னிக்குக் கண்டிப்பா…"

கண்டிப்பாக என்ன என்று அம்மா சொல்லவில்லை. அதற்குள் தூங்கிப்போனாள்.

பெரியவள் அம்மாவின் பையை மடித்துத் தலைக்கு வைத்தாள். எங்கேயோ ஒரு இயந்திரம் சோப்புக் குமிழிகளை ஊதிக்கொண்டிருந்தது. அவை அவசரமே இல்லாமல் மிதந்து வந்து, அம்மாவின் தலைக்குமேல் நின்று யோசித்துவிட்டுப் போயின. ராட்டினத்தின் நிழல் புல்லின் மீது மெதுவாக ஊர்ந்தது. அதன் ஒவ்வொரு கூண்டும் அம்மாவின் முகத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தது.

அப்போது ஒரு அப்பா நான்கு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார். "அடுத்த டோக்கனுக்கு நேரம் இருக்கு. அதுக்குள்ள கண்ணாடி வீடு, பேய் வீடு, பொம்மை வீடு மூணையும் முடிச்சிடலாம். ஓடுங்க, பொழுதை வீணாக்காதீங்க" என்றார்.

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். இப்போது நன்றாகத் தூங்கினால் அம்மா ராட்டினத்தில் விழித்திருப்பாள். இப்போது தூங்காவிட்டால் ஊரே தெரியும் உச்சியில் குறட்டைதான் விடுவாள். இந்த மத்தியானத்துக்குத் தூக்கத்தைவிட நல்ல வேலை கிடையாது என்று அவள் முடிவு செய்தாள்.

'டிங்… டிங்… டிங்.'

புதருக்குப் பின்னாலிருந்து குட்டி ரயில் மணியடித்துக்கொண்டு வந்தது. அம்மா படக்கென்று எழுந்து நின்றாள். கண் திறக்கவே இல்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, "தட்டைக் குடு, ரொட்டி கருகுது" என்றாள்.

சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. பேக்கரி அடுப்பிலும் ரொட்டி வெந்ததும் இதே மாதிரிதான் மணி அடிக்கும்.

"அம்மா, இது ரயிலும்மா."

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "நான் தூங்கவே இல்லையே" என்று சொல்லி, மறுபடி படுத்துத் தூங்கினாள். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மணி அடித்தது. அம்மா மறுபடி எழுந்து ரொட்டிக்குக் கை நீட்டினாள்.

வேறு நிழல் பெஞ்சு இருக்கிறதா என்று பெரியவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஆட்கள். சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

ரயிலை ஓட்டியது ஒரு அக்கா. நீலத் தொப்பி வைத்திருந்தார்.

"அக்கா, அந்த வளைவுல மட்டும் மணி அடிக்காம போக முடியுமா? எங்க அம்மா தூங்குறாங்க."

"நல்லாக் கேட்ட போ. வளைவுல புதர் மறைக்குது. மணி அடிக்கலைன்னா தண்டவாளத்தைத் தாண்டுறவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் யார் வராங்கன்னு தெரியாதே."

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ மணியோட வேலையை நான் பார்க்கட்டுமா? புதர் பக்கத்துல நின்னு ஆளுங்களை நிறுத்துறேன். வழி காலியா இருந்தா உங்களுக்குக் கை காட்டுறேன்."

ரயில்கார அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு கொடிகளை எடுத்தார். "பச்சை காட்டினா வருவேன். சிவப்பு காட்டினா நிறுத்துவேன். வளைவுல நடக்கிற வேகத்துலதான் வருவேன். ஆனா ஒண்ணு, கொடி தெரியலைன்னா மணி அடிச்சிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"கொடி தெரியும் அக்கா. அங்கேயே நிப்பேன்."

"நான்?" என்றான் சின்னவன். தூரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வர்றவங்களை நீ நிறுத்தணும். ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றாள் பெரியவள்.

அவனைப் போய்ப் பேசாதே என்பது மீனை நீந்தாதே என்பது போலத்தான். ஆனாலும் அவன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வழியின் நடுவே நின்றான். எதிரே வந்த பலூன்காரர், "என்னடா தம்பி, பல்வலியா?" என்று கேட்டார். சின்னவன் பெஞ்சைக் காட்டி, கன்னத்தில் கையை வைத்துத் தூங்கிக் காட்டினான். பலூன்காரர் தலையாட்டிவிட்டு அடிமேல் அடி வைத்து நடந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும், ஏன் என்று தெரியாமலே, அப்படியே நடந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்த வளைவே மாறிப்போனது. பெரியவள் பச்சைக் கொடியை உயர்த்துவாள். ரயில் சத்தமில்லாமல் வளைந்து வரும். உள்ளே இருக்கும் குழந்தைகள் சின்னவனைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பார்கள். குமிழிகள் கூடவே மிதந்து போகும். அம்மாவின் கனவுக்குள்ளேயே ஒரு ரயில் ஓடுவது போல இருந்தது. எல்லாரும் அந்தக் கனவில் நடக்க வந்தவர்கள் போல இருந்தது.

தூரத்தில் வாத்தியங்கள் முழங்க ஒரு ஊர்வலம் போனது. பெரிய காகித டிராகன் ஒன்று மரங்களுக்கு மேலே தலையை நீட்டி, வா வா என்று ஆட்டியது. பெரியவளுக்கு ஓடிப் போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது. ரொம்பவே ஆசையாக இருந்தது. ஆனால் கொடியைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த சுற்றில்தான் அது நடந்தது. அவள் பச்சைக் கொடியை உயர்த்தியிருந்தாள். ரயில் வளையத் தொடங்கியிருந்தது. அப்போது ஒரு குட்டிப் பாப்பா, குமிழியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே, சின்னவனின் முதுகுப்பக்கமாகத் தண்டவாளத்தில் ஏறிவிட்டது.

பெரியவள் சிவப்புக் கொடியை உயர்த்தினாள். ரயில்கார அக்கா அந்த நேரம் பார்த்து, பின்னால் எழுந்து நின்ற ஒரு பையனை உட்காரச் சொல்லித் திரும்பியிருந்தார்.

கத்தினால் அம்மா எழுந்துவிடுவாள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அக்கா, நிறுத்துங்க!" என்று அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். சின்னவனும் சேர்ந்து கத்தினான். மத்தியானம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த சத்தம் அது. மரத்திலிருந்த குருவிகள் எல்லாம் பறந்தன. ரயில் நின்றது. பெரியவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். ஓடி வந்த பாப்பாவின் அப்பா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பாப்பாவோ, "குமிழி போச்சு" என்றது.

பிறகு எல்லாரும் ஒன்றாகப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா புரண்டு படுத்தாள். குறட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்தது.

ரயில்கார அக்கா சிரித்துவிட்டார். "உங்க அம்மா காது மணிக்கு மட்டும்தான் திறக்கும்போல."

உண்மைதானே? சின்னவன் இருக்கும் வீட்டில் தினமும் பகலில் தூங்கிப் பழகியவள் அம்மா.

"அப்போ இவ்வளவு நேரம் நான் எதுக்கு வாயை மூடிட்டு நின்னேன்?" என்றான் சின்னவன். பெரியவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

வெயில் மஞ்சளாகிச் சாய்ந்தபோது டோக்கனில் போட்டிருந்த நேரம் வந்தது. "அம்மா" என்று கூப்பிட்டார்கள். தோளை உலுக்கினார்கள். சின்னவன் காதருகே போய்க் கத்தினான். அம்மா அசையவில்லை.

பெரியவள் ரயிலுக்கு எதிரே போய் நின்றாள். "அக்கா, இப்ப அடிங்க."

'டிங்… டிங்… டிங்.'

அம்மா எழுந்து நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். பெரியவள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "அட, வெயில் போயிடுச்சே. ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"

"நல்லாத் தூங்கின. வாம்மா, ராட்டினம் காத்திருக்கு" என்றாள் பெரியவள்.

சிவப்புக் கொடியை வாங்கிக்கொண்ட ரயில்கார அக்கா, பச்சையைச் சின்னவனின் சட்டைப் பையில் செருகினார். "இவ்வளவு நேரம் பேசாம இருந்ததுக்கு" என்றார்.

ராட்டினம் மெதுவாக ஏறியது. மரங்கள் கீழே போயின. குட்டி ரயில் தீப்பெட்டி அளவுக்கு ஆனது. சின்னவன் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். அடுத்த கூண்டில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அம்மா பெரியவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

உச்சிக்குப் போனதும் ஊர் முழுவதும் பொன்னிறமாக விரிந்தது.

"அதோ நம்ம தெரு" என்றாள் அம்மா. "அதோ புகைபோக்கி. அடேயப்பா, நம்ம ஊர்ல ஆறு இவ்வளவு வளைஞ்சு போகுதா? தெரியவே தெரியாதே."

பெரியவள் ஆற்றைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். இரண்டு கண்களும் அகலமாகத் திறந்திருந்தன. அவளுக்கு அது போதுமாக இருந்தது. கால்கள் வலித்தன. அம்மாவின் சட்டையில் ரொட்டி வாசம் வந்தது. அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.

ராட்டினம் கீழே வந்தபோது அதை ஓட்டும் பெரியவர் கதவைத் திறக்கக் கையை நீட்டினார். ஏறுவதற்கு வேறு யாரும் காத்திருக்கவில்லை. அம்மா உதட்டில் விரலை வைத்து, மடியில் தூங்கும் மகளைக் காட்டினாள்.

அவர் என்ன செய்வது என்று தயங்கி நின்றார். சின்னவன் சட்டைப் பையிலிருந்து பச்சைக் கொடியை எடுத்து உயர்த்திப் பிடித்தான்.

ராட்டினம் சத்தமில்லாமல் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பியது.