ஒக்கூர் வீட்டு இரண்டு ஜெனரேட்டர்கள்

இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை என்று சொல்லப்பட்ட நீல ஜெனரேட்டரின் சைலன்ஸரில் அருள்பிரகாசம் கை வைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது.

ஒன்றும் தெரியாதவன் போலக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பச்சை மிஷினைத் தொட்டுப் பார்த்தான். அது மழைக்கால இரும்பாய்ச் சில்லிட்டுக் கிடந்தது. சரிதான், இங்கேயும் அதே பித்தலாட்டம்தான் என்று நினைத்தான். குளிர்ந்த இன்ஜின் கிளம்ப அடம்பிடிக்கும். ஆள் வருமுன் ஒரு தடவை ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டால் கயிற்றை இழுத்ததும் எகிறிக் கிளம்பும். போன தடவை ஒரு மதுரைக்காரன் இப்படித்தான் ஒரு தண்ட மிஷினை அவன் தலையில் கட்டினான். கோவிலூர்க் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து அது நின்றுபோனது. அன்றிலிருந்து காரைக்குடியில் அவனுடைய மைக் செட் கடைப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் கரண்ட் கட். ஜெனரேட்டர் இல்லாத மைக் செட்டை யார் கூப்பிடுவார்கள்? இந்தத் தடவையும் ஏமாந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால்தான் மனைவி சூசைமேரியையும் ஒக்கூருக்குக் கூட்டி வந்திருந்தான். தானமாக வந்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் அவன். உலகத்தில் அவன் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அவள்.

வீட்டுக்காரர்கள் மலேயாவில் இருந்தார்கள். சாவியை வைத்திருந்த காவல்காரர் நாகநாதன்தான் எல்லாம் காட்டினார். இரண்டும் கப்பலில் வந்தவையாம். பெட்ரோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடுமாம். நீலத்தில் மண்ணெண்ணெய் நிரம்பியிருந்தது, பச்சையில் சொட்டுக்கூட இல்லை. பச்சைக்கு வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்தவர் வாசலில் நின்று திரும்பினார்.

"எதை ஓட்டுறதா இருந்தாலும் இந்த வளவுலயே ஓட்டுங்கண்ணே. ரூமுக்குள்ள கொண்டு போயிராதீக. ஆகாது."

ஏன் ஆகாது என்று கேட்பதற்குள் மழையில் இறங்கிப் போய்விட்டார். வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றமும் நாலு பக்கமும் தாழ்வாரமுமாக இருக்கிற பெரிய கூடம். அங்கே மழை ஓட்டில் கொட்டி, தகரத் தாழியில் இரைந்து, பேசுகிற பேச்சே காதில் விழவில்லை. நீலம் ஒரே இழுப்பில் கிளம்பியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றினான், வெள்ளைப் புகை தும்மிவிட்டுச் சீராக ஓடியது. தாழ்வாரத்தில் தொங்கவிட்ட நூறு வாட் பல்பு கண் சிமிட்டவில்லை. இவ்வளவு நல்ல மிஷினை எதற்கு விற்கிறார்கள்?

மைக் செட்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெட்டவெளியில் எந்த இன்ஜினும் நல்ல பிள்ளை. நாலு சுவருக்குள் விட்டு, கதவைச் சாத்தி, வெளியே நின்று காது கொடுத்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். காவல்காரர் வேண்டாம் என்று தடுத்ததே அதற்காகத்தான் என்று அவனுக்குப் பட்டது. மிஷினைப் பக்கத்து அறைக்குள் நகர்த்தி, ஒயரைக் கதவுக்கு அடியில் விட்டான். அறையின் பின்கட்டுக் கதவு வழியாக யாராவது வந்து எதையாவது திருகிவிட்டால்? சூசைமேரியை அதன் பக்கத்திலேயே உட்காரச் சொன்னான்.

"புகை மூக்குல ஏறுதுங்க," என்றாள் அவள்.

"கொஞ்ச நேரந்தான் மேரி. பச்சையக் கழட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்."

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் தேக்குக் கதவைச் சாத்தினான்.

மழை சற்று ஓய்ந்தது. பச்சையின் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக்கொண்டே ஒரு காதை அறைப் பக்கம் வைத்திருந்தான். தட்டல் இல்லை, விக்கல் இல்லை. அந்தச் சீரான சத்தத்துக்கு அடியில்தான் மெதுவாக இன்னொன்று கேட்டது. சூசைமேரி பேசிக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கிறவள் ஜெபம் சொல்கிறாள் என்று முதலில் எண்ணினான். அப்புறம் இன்னொரு பெண்குரல் அவளுக்குப் பதில் சொன்னது, அதற்குமேல் ஒன்று, வளையல்கள் மொத்தமாகக் குலுங்கும் ஓசை, பட்டுப்புடவை உரசும் ஓசை, மண்ணெண்ணெய்ப் புகையோடு கலந்து கதவிடுக்கில் கசிந்துவந்த மல்லிகை, அரைத்த சந்தனம்.

பலே ஆள்தான் இந்த நாகநாதன், வீட்டுப் பெண்களை அனுப்பிப் பேச்சுக் கொடுக்கிறான் என்று அவன் பல்லைக் கடித்தான். இப்போதே போனால் மழுப்பிவிடுவார்கள். மிஷினில் கை வைக்கட்டும், கையும் களவுமாகப் பிடிப்போம்.

"எனக்கெதுக்குக்கா பூவு?" என்று உள்ளே சூசைமேரி கூச்சத்தோடு சொன்னாள்.

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அவள் குரல் குறைந்தது. நின்றது. இன்ஜின் மட்டும் ஓடியது. அவன் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

நாகநாதன் மண்ணெண்ணெய் டின்னோடு முகப்பு வழியாக உள்ளே வந்தார். நீல மிஷின் எங்கே என்று கேட்டார். அவன் அறையைக் காட்டினான். டின் கீழே விழுந்து உருண்டது.

"உங்க வீட்டுப் பொம்பளைகள எதுக்கு உள்ள விட்டீக?" என்று அவன் கத்தினான்.

"இந்த வீட்டுல நான் ஒருத்தந்தாண்ணே." அவர் கதவையே பார்த்தார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி இங்க கல்யாணம். மழைன்னு மிசினை அந்த ரூமுலதான் வச்சாக. நகைநட்டு பத்திரம்னு கதவையும் சாத்திக்கிட்டு, ஏழு பொம்பளைக உள்ள உக்காந்து பொண்ணுக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தாக. அந்தப் புகை ஆளைக் கொல்லும்னு யாருக்குத் தெரியும்? மணவறைக்குக் கூப்பிடப் போனா, எட்டுப் பேரும்..."

அவன் ஓடினான். கதவைத் தள்ளினான். தாழ் போடவில்லை, ஆனாலும் திறக்கவில்லை. உள்ளேயிருந்து முதுகுகள் சாய்ந்திருப்பது போல மெத்தென்று தடுத்தது. தோளால் இடித்தான். மாதாவே. மறுபடி இடித்தான். சட்டென்று விட்டது.

புகை. கண் எரிந்தது. யாரும் இல்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சூசைமேரி சம்மணமிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. கண் திறந்திருந்தது. மூக்கருகே விரல் வைத்தான். மூச்சு இல்லை.

அவள் போட்டு வந்த கொண்டை அவிழ்ந்து முதுகில் மூன்று புரிகளாகப் பிரிந்து தொங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புரி எழுந்தது. இன்னொன்றின்மேல் ஏறி விழுந்தது. இறுகியது. அடுத்தது எழுந்தது. ஒரு கையும் இல்லாமல் பின்னல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்க, ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் தலை பின்னால் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.