ஆசைத்தம்பியின் பந்தி

காரைக்குடி வட்டாரத்தில் பேய் என்று எதுவும் கிடையாது. இது நம்பிக்கை அல்ல, தீர்ப்பு. வழங்கியவன் நாகேந்திரன், கல்லூரியில் இயற்பியல், கடைசி ஆண்டு. தேவகோட்டை சாலையோரத்துப் புளியமரம், பூட்டியே கிடந்த சில செட்டியார் வீடுகள், காளையார்கோவில் பக்கம் ஒரு கண்மாய்க்கரை என்று பேய்கள் குடியிருப்பதாகச் சொல்லப்பட்ட முகவரிகளுக்கெல்லாம் நேரில் போனான். ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து புரோட்டா தின்றான். அதை வீடியோ எடுத்து, "குடியிருப்போர் எவரும் இல்லை" என்று அறிவித்துப் போட்டான். அறிவிப்பை எதிர்த்து இதுவரை எந்தப் பேயும் மேல்முறையீடு செய்யவில்லை.

ஆகவே கண்டரமாணிக்கத்தில் ராமுத்தாய் அத்தை வீட்டுக் கருமாதிக்கு அவன் பஸ் ஏறியபோது மனத்தில் துக்கம் பெரிதாக இல்லை. ஒரு முகவரி பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

கருமாதி ராமுத்தாயின் அப்பா ஆசைத்தம்பிக்கு. நாகேந்திரனின் தாத்தாவுக்கு அண்ணன். தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்து, விமானப்படையில் சேர்ந்து, விமானங்களைப் பழுது பார்த்தவர். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியவரையும் இன்னும் பலரையும் ஏற்றிக்கொண்டு பனிமலையைத் தாண்டப் புறப்பட்ட விமானம், எங்கேயும் போய் இறங்கவில்லை. தேடினார்கள். மலை பதில் சொல்லவில்லை. அப்போது ராமுத்தாய் அம்மா வயிற்றில் இருந்தாள். இப்போது அவள் தலையும் நரைத்துவிட்டது.

போன கோடையில்தான் பனி உருகிய ஒரு சரிவில் சில எலும்புகளும் கிழிந்த கம்பளித் துணியும் கிடைத்தன. அதிகாரிகள் வந்து ராமுத்தாயின் ரத்தத்தை எடுத்துப் போனார்கள். ஒத்துப்போயிற்று. அந்த விமானத்தில் போனவர்களில் எலும்பு கிடைத்து, அதற்குப் பெயரும் கிடைத்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் இன்னும் பனிக்குள்தான் என்று பெட்டியோடு வந்த அதிகாரி சொன்னார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அவரவர் வீட்டுப் பிணம்தானே அவரவருக்கு.

பெட்டி பதினைந்து நாளைக்கு முன்பு கொடி போர்த்தி வந்தது. பெரியப்பா சோமு, துக்க வீட்டு முறை எதுவும் குறையக் கூடாது என்று காரைக்குடியிலிருந்து வாடகைக்கு ஐஸ் பெட்டி வரவழைத்திருந்தார். இத்தனை வருஷம் பனியில் கிடந்த மனிதருக்கு ஐஸ் பெட்டி. நாகேந்திரன் அதைப் படமெடுத்துப் போட்டான். நிறையப் பேர் சிரித்தார்கள்.

ஆனால் அந்த வீட்டில் அவன் சின்ன வயதிலிருந்து கேலி செய்துவந்தது வேறொன்று. இலை.

ராமுத்தாயின் அம்மா அன்னக்கிளி, புருஷன் செத்ததைப் பார்த்த கண் எது என்று கேட்டு, தாலியைக் கழற்ற மறுத்தவள். மத்தியானமானால் உள்ளறையில் அவருக்கென்று ஒரு வாழையிலை போட்டுச் சோறு வைப்பாள். அது படையல் இல்லை, படையல் செத்தவர்களுக்கு. இது வெளியூர் போன ஆளுக்கு எடுத்து வைக்கிற சாப்பாடு. காக்காய்க்கு அதிலிருந்து ஒரு பருக்கை போடவிட மாட்டாள். பிறகு அவளே இலையை உள்பக்கமாக மடித்து எடுப்பாள். கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்கள் தம் பக்கமாக மடிக்கிற மடிப்பு; உறவு தொடரட்டும், மறுபடி வருகிறேன் என்று பொருள். துக்க வீட்டில் மட்டும் இலையை வெளிப்பக்கமாகத் தள்ளி மடிப்பார்கள்.

அன்னக்கிளி தாலியோடு செத்தாள். தகவல் வருகிற வரைக்கும் இலையை நிறுத்தாதே என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு செத்தாள். நாட்டிலேயே நிஜமான மிலிட்டரிக்காரருக்குச் சோறு போடும் ஒரே மிலிட்டரி ஓட்டல் இதுதான் என்பது நாகேந்திரனின் புகழ்பெற்ற நகைச்சுவை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

ராமுத்தாய் மட்டும் சிரித்ததில்லை. அந்த இலைக்காக அவள் ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. மகள் ஹேமாவதியின் பிரசவங்களுக்குத் திருப்பூர் போகவில்லை. இப்போது ஹேமாவதிக்கு வயிற்றில் கட்டி, நாளைக்கு ஆபரேஷன். அம்மா வந்தால்தான் ஆச்சு என்று போனில் அழுதிருக்கிறாள். கட்டி வைத்த பை கதவோரம் நின்றது.

நாகேந்திரன் உள்ளே வந்ததும் ராமுத்தாய் அந்தப் பையைத்தான் காட்டினாள். "படையல் முடிஞ்சதும் பஸ் ஏறிருவேன் நாகு. இலைய இன்னைக்குத்தான் மொத வாட்டி வெளிய மடிக்கப் போறேன்."

"மடிச்சா போயிருவாகளா அத்தை?"

"சாப்புட்டாத்தானப்பா மடிக்க முடியும்."

முறை இதுதான். உள்ளறையில் விளக்கேற்றிப் படையல் போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடுவார். எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு கதவைத் தட்டி, தொண்டையைச் செருமி, திறக்க வேண்டும். செருமுவது எதற்கு என்றால், சாப்பிடுகிறவர் எழுந்துபோக அவகாசம். பேய்க்கே இத்தனை நாகரிகம் பார்க்கும் ஊரில் தீர்ப்பு வழங்குவது தன் கடமை என்று நாகேந்திரன் கருதினான்.

எல்லாரும் வடையை எண்ணெயிலிருந்து எடுக்கும் மும்முரத்தில் இருந்தபோது அவன் உள்ளறைக்குள் நழுவி, நெல் கொட்டும் மரப் பத்தாயத்தின் பின்னால் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். போனைப் பதிவில் வைத்தான். சோமு பெரியப்பா வந்து சோறு, சாம்பார், வாழைக்காய், வடை, பாயசம் என்று முறையாக வைத்து, விழுந்து கும்பிட்டு, கதவைச் சாத்தினார்.

ஜன்னல் இல்லாத அறை. வெளியே உச்சி வெயில். உள்ளே குத்துவிளக்கின் ஒற்றைத் திரி.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். சாம்பாரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. நாகேந்திரன் அடுத்த வீடியோவுக்குத் தலைப்பு யோசித்தான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் நின்றது.

ஆவியும் நின்றது.

திரி தணிந்து, நீல முத்தாகி, அணைந்தது. காற்று அடிக்கவில்லை. குளிர்தான் அதை அழுத்தி அணைத்ததுபோல் இருந்தது. அப்புறம் வாசனை வந்தது. நனைந்த கம்பளி. மண்ணெண்ணெய். பழைய இரும்பை நாக்கில் வைத்தால் வருமே, அந்தக் கசப்பு.

இலைக்கு எதிரே யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முழங்கால் எலும்பு சொடுக்கியது தெளிவாகக் கேட்டது.

நாகேந்திரன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் தாங்கிக்கொண்டிருப்பான். ஒருவர்தானே.

அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர்.

சுவரை ஒட்டி, வரிசையாக, ஈரத் துணி தரையில் படியும் ஓசை அவனை நோக்கி நகர்ந்து வந்தது. எழுந்திருக்க நினைத்தான். பத்தாயத்தின் விளிம்பைப் பிடித்தான். தான் சுவரோடு உட்கார்ந்திருப்பது மறைவிடத்தில் அல்ல, அந்த வரிசையின் கடைசி இடத்தில் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அவன் இடது தோளில் ஒரு தோள் வந்து பட்டது.

யாரும் சாப்பிடவில்லை. சோற்றில் கை வைக்கும் சத்தமே இல்லை. அந்த மௌனம் அவனுக்குத் தெரிந்ததாக இருந்தது. எத்தனை கல்யாணத்தில் அதற்குள் உட்கார்ந்திருக்கிறான். பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து ஆளுக்கு இன்னும் இலை வராதபோது, முன்னால் சோறு இருந்தும் கை வைக்காமல் காத்திருப்பார்களே, அது.

ஆசைத்தம்பி காத்திருந்தார்.

இடது பக்கத்தில் ஒரு கை தரையைத் தடவ ஆரம்பித்தது. இலை இருக்க வேண்டிய இடத்தை அது மெதுவாகத் தட்டித் தட்டிப் பார்த்தது. இல்லை என்றதும் நகர்ந்து, நாகேந்திரனுக்கு முன்னால் இருந்த தரையைத் தடவியது. பிறகு அவன் முழங்காலை.

காதோரம் ஒரு வார்த்தை கேட்டது. அவனுக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை. ஆனால் பசித்தவன் கேட்கும் குரல் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

கதவு தட்டப்பட்டது. பெரியப்பா செருமினார்.

வெயில் உள்ளே விழுந்தது. அறையில் ஒருவரும் இல்லை. போன் செத்துக் கிடந்தது.

ராமுத்தாய் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. சாம்பாரின் மேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. சோமு பெரியப்பா விரலால் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். ஐஸ்.

"தொடல," என்றாள் ராமுத்தாய்.

பின்னால் நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். வடையில் உப்புக் கூடிவிட்டது என்றார் ஒருவர். தெற்கே பார்த்துப் போட்டிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ராமுத்தாய் எதையும் கேட்கவில்லை. கதவோரம் போய் உட்கார்ந்து, பையைத் திறந்து, மடித்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடியில் வைத்தாள்.

"ஹேமாகிட்ட யாராச்சும் சொல்லிருங்க. அம்மா வரலேன்னு. அப்பா இன்னும் இங்கனதான் இருக்காக."

பத்தாயத்தின் பின்னாலிருந்து நாகேந்திரன் எழுந்து வந்தான். அவனைக் கண்டதும் பெரியப்பாவின் கை அறைவதற்கு உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவன் சட்டையின் இடது தோள் விறைத்து, வெண்மையாகப் பனி பூத்திருந்தது.

"தாத்தா தனியா வரல அத்தை," என்றான். "கூட வந்தவுகளுக்கு இலை போடல. அதான் கை வைக்காம இருக்காக."

ராமுத்தாய் அவனையே பார்த்தாள். கேலிக்காரன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினாள்போல. பிறகு சேலைகளைக் கீழே வைத்துவிட்டு அடுப்படியைப் பார்த்துச் சொன்னாள். "சோத்தப் பூராவும் உள்ள கொண்டாங்க."

நாகேந்திரன் கொல்லைக்குப் போனான். வாழையில் கைக்கெட்டிய இலையெல்லாம் அறுத்தான். சுவர் தொடங்கும் இடத்திலிருந்து பத்தாயம் வரை அவனே வரிசையாகப் போட்டான். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலும் ஒன்று. ராமுத்தாய் ஒவ்வோர் இலையாகக் குனிந்து பரிமாறினாள். பேர் தெரியாதவர்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல், "சாப்புடுங்க... சாப்புடுங்க..." என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனாள். உயிரோடு இருந்தவர்களின் பந்தி அன்றைக்கு ரத்தானது.

கதவைச் சாத்தினார்கள்.

இந்தத் தடவை சத்தம் கேட்டது.

அப்பளம் நொறுங்கியது. டம்ளர் தரையில் வைக்கப்பட்டது. ரசத்தை யாரோ உறிஞ்சினார்கள். வாசலில் நின்ற கூட்டம் தெருப்பக்கம் நகர்ந்தது. உப்புக் கூடிவிட்டது என்று சொன்னவர் செருப்பைக்கூடத் தேடாமல் போய்விட்டார். ராமுத்தாய் மட்டும் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா சாப்பிடும் சத்தத்தை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

சத்தம் ஓய்ந்ததும் அவளே தட்டி, அவளே திறந்தாள்.

இலைகள் மடிக்கப்பட்டிருந்தன. அவள் பார்த்தவை எல்லாம் வெளிப்பக்கமாக. அப்பாவின் இலையை அவள் மடிக்க வேண்டியிருக்கவில்லை, அதுவும் மடிந்திருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"போய்ட்டாக," என்றாள்.

சாயங்காலப் பஸ்ஸில் திருப்பூர் கிளம்பினாள். ஜன்னலோர இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

பத்தாயத்துப் பக்கம் கடைசியாகக் கிடந்த இலையை நாகேந்திரன் மட்டும்தான் கவனித்தான். அது உள்பக்கமாக மடிந்திருந்தது. பிரித்துப் பார்த்தான். வடை இல்லை, பாயசம் இல்லை. சோறு மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது, அரிசிச் சோறு பழகாதவர் ஒதுக்குவதுபோல. அவன் அதை வெளிப்பக்கமாகத் திருப்பி மடித்து, மற்ற இலைகளோடு குப்பைக்குழியில் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காரைக்குடி திரும்பினான்.

வகுப்பில் இடது தோள் குளிர்ந்தது. காய்ச்சல் என்றார்கள், காய்ச்சல் இல்லை. மெஸ்ஸில் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தவர்கள், காரணம் சொல்லத் தெரியாமல், தட்டைத் தூக்கிக்கொண்டு அங்குட்டுத் தள்ளிப் போனார்கள். சாப்பிடும்போது மேசை மேல் ஏதோ மெதுவாகத் தட்டித் தடவுவது அவனுக்கு மட்டும் கேட்டது. கண்டரமாணிக்கம் முகவரி என்னாச்சு என்று வீடியோவுக்குக் காத்திருந்தவர்கள் கேட்டார்கள். அவன் பதில் போடவில்லை.

ஒரு மத்தியானம் வகுப்புக்குப் போகாமல் சந்தையில் ஒரு நுனியிலையும், கடையில் சப்பாத்தியும் பருப்பும் வாங்கிவந்தான். விடுதி அறையில் தரையைத் துடைத்து, இலை போட்டு, வைத்தான். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றான். அறைத்தோழன் முத்துராமன் துணி காயப் போட வந்தவன், வாடையைப் பிடித்துவிட்டான்.

"யாருக்குடா சாப்பாடு?"

"வெளியூர் ஆளுக்கு."

"பேர் என்ன?"

"இன்னும் தெரியல. பனி உருகினா கண்டுபிடிப்பாங்க."

முத்துராமன் சிரித்தான். அவன் கீழே இறங்கிப் போகும் வரை காத்திருந்து, நாகேந்திரன் கதவை மெல்லத் தட்டினான். தொண்டையைச் செருமினான். உள்ளே இருப்பவர் எழ அவகாசம் கொடுத்தான். திறந்தான்.

சப்பாத்தி இல்லை. இலை உள்பக்கமாக மடிந்து, மேலே நீர் முத்துமுத்தாக நின்றது.

அதற்குப் பக்கத்தில், இன்னோர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்குத் தரை நனைந்திருந்தது.

நாகேந்திரன் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னோர் இலை வாங்கப் போனான்.